வெற்றுச் சோதனை

இரவு பத்தே கால்.
ஜன்னலில் நாகமலை இருந்த இடத்தில் இருட்டு.
தன் பங்குப் பரோட்டாவை எனக்கு வைத்துவிட்டு
ஜெசிந்தா விடுதிக்குப் போய்விட்டாள்.
ஆய்வகத்துக்குள் உண்ணக் கூடாது என்று
கதவில் எழுதி ஒட்டியதும் அவள்தான்.

அறுபது டிகிரி எண்ணெய்த் தொட்டியில் ஆறு குப்பிகள்.
ஐந்தில் என் இரும்பு இருக்கிறது,
நைட்ரஜனும் ஆக்சிஜனும் நாலு பக்கமும் பிடித்துக்கொள்ள
நடுவில் உட்கார்ந்த இரும்பு.
மூன்று மாதம் பிடித்தது அதைப் படிகமாக்க.
கரைத்தால் கடுங்காப்பி நிறம்.

ஆறாவதில் அது இல்லை.
மற்றதெல்லாம் உண்டு,
பெராக்சைடும், சுழலும் காந்தக் குச்சியும்.
ஒன்றும் நடக்காது என்று நிரூபிக்க
ஒரு குப்பி.

சைக்ளோஹெக்சேன் லேசில் மசியாது.
அமிலம் அதட்டினாலும் காரம் கெஞ்சினாலும்
ஆறு கார்பன் வட்டமாய்க் கைகோத்து
சும்மா இருக்கும்.
தீ வைத்தால் மசியும், ஆனால் நிற்காது,
புகையும் நீருமாய்ப் போய்த்தான் ஓயும்.
ஒரே ஓர் ஆக்சிஜன், ஒரே ஓர் இடம்,
அதோடு நில் என்று சொல்ல வேண்டும்.
காளவாசலில் தனியார் பஸ்ஸுக்குச் சொல்வது போல.

இரும்பு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போகும்,
இறக்கிவிட்டுத் திரும்பும்,
மறுபடி ஏற்றும்.
புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயர்.
என் குறிப்பேட்டில் 'நடை',
மாட்டுத்தாவணிக்கு ஷேர் ஆட்டோ அடிக்கிற அதே நடை.
போன வாரம் நாற்பத்திரண்டு.
பிறகு நிறம் வெளுத்து நின்றுவிட்டது.
சுமந்த ஆக்சிஜன்
தன்னைப் பிடித்திருந்த கைகளையே தின்றிருந்தது.

அப்பாவுக்குச் செக்கானூரணி பங்கில் இரவு ஷிப்ட்.
பதினெட்டு வருஷம் பெட்ரோல் காற்று.
அவர் கல்லீரலில் ஓர் இரும்பு,
நான்கு நைட்ரஜன் வளையத்துக்குள்.
என் வேலையைத்தான் அதுவும் பார்க்கிறது
முப்பத்தேழு டிகிரியில், நிதியுதவி கேட்காமல்.
உள்ளே வந்த பென்சீனில் ஓர் ஆக்சிஜனைச் செருகி
கரைத்து வெளியே அனுப்பப் பார்க்கும்.
பல நேரம் அனுப்பிவிடும்.
சில நேரம் செருகியதே விஷமாகும்.
மூன்றாம் அத்தியாயத்தில் இதற்கு ஒரு வரி கொடுத்தேன்,
'இயற்கையில் இதற்கு ஒப்பான நொதிகள் உள்ளன.'
மேற்கோள் எண் முப்பத்தொன்று.
அப்பா பெயர் அங்கே வராது.

பதினொன்றரைக்கு அவரே கூப்பிட்டார்.
"என்னத்தா, இன்னும் எரிஞ்சு முடியலையா?"
"எரியாமப் பாத்துக்கிறதுதான்ப்பா என் வேலை."
"எனக்கும் அதேதான்" என்றார்.
பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

ஐந்து குப்பிகளும் சொன்னபடி கேட்டன.
ஆறாவதை ஊசியில் எடுத்து ஏற்றினேன்.
கோடு தரையோடு தரையாய் வந்து
எட்டாவது நிமிடத்தில்
எழுந்தது.
சின்ன மேடுதான்.
சைக்ளோஹெக்சனால்.
யாரும் இல்லாத வீட்டில் அடுப்பு சூடாக இருந்தது.

மறுபடி செய்தேன். மறுபடி மேடு.
குச்சியை எடுத்து விளக்கடியில் பிடித்தேன்.
வெள்ளைத் தோலில் மயிரிழைக் கீறல்,
கீறலுக்குள் கறுப்பு.
எந்த வருஷத்து உலோகமோ.
சுகந்தன் அண்ணனின் தாமிரமாகவும் இருக்கலாம்,
அவர் இப்போது ஓசூரில் பெயின்ட் கம்பெனியில்.

பரோட்டா விறைத்திருந்தது.
வராந்தாவில் நின்று தின்றேன்.

காலையில் ஸ்டோர்ஸ் ஒச்சப்பனிடம்
இரண்டு அமிலமும் புதுக் குச்சிகளும் கேட்டேன்.
அமிலம் கொடுத்தார்.
குச்சிக்கு அடுத்த பட்ஜெட் என்றார்.
இருந்ததையே ராஜதிராவகத்தில் போட்டேன்.
ஆரஞ்சுப் புகை எழுந்தது.
கீறல் விழுந்ததைக் குப்பையில் எறிந்தேன்.
கழுவியதில் ஆறாவது குப்பி சும்மா இருந்தது,
தரையோடு தரையாய், கடைசி நிமிடம் வரை.
ஒரு வெற்றுக் கோட்டுக்கு இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

கூடவே என் இரும்பும் இளைத்திருந்தது.

நாற்பத்திரண்டை ஒற்றைக் கோட்டால் அடித்தேன்.
அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி.
பக்கத்தில் இருபத்தொன்பது.
தேதி, கையெழுத்து.
மிச்சப் பதின்மூன்று நடை அடித்தது யார் என்று எழுத
அந்த அட்டவணையில் கட்டம் இல்லை.